எட்டுக்கால் போட்டியாளர்கள்

வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிப்பவனை யாரும் சிரித்த முகமாகக் கூப்பிடுவதில்லை. முதுகில் பம்ப் சுமக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? எங்கள் கம்பெனியில் ஒரே மாதத்தில் இரண்டு புகார் வந்தால் ஆளை நிறுத்திவிடுவார்கள். புகார் உண்மையா என்று கூட்டாளிதான் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். என் கூட்டாளி தண்டையார்பேட்டை பஷீர். பத்து வருஷமாக ஒரே வண்டியில் போகிறோம்.

ராயபுரத்துச் சுவர்

பிலோமினா அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. அது வலை கட்டாது, ஓடிப்போய்க் கரப்பானைப் பிடித்துத் தின்னும். எனக்கு இது தெரியும். ஆனாலும் எதையாவது அடித்துக் காட்டினால்தான் வேலை செய்ததாக நம்புவார்கள் என்று துடைப்பத்தால் ஒரே போடு போட்டேன். முட்டைப் பையைக் கட்டிப் பிடித்தபடியே செத்து விழுந்தது. பாவமாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் புகார். பஷீர் பார்த்து எழுதினான். அடுப்படியெல்லாம் கரப்பான் ஓட, அக்கா என்னிடம் சொன்னார்: "துன்னுகினு இருந்தத சாவடிச்சிட்டு, துன்றதுக்கு இருந்தத வுட்டுட்டுப் பூட்டியே நைனா."

திருவொற்றியூர் மூலை

அடிபட்ட புத்தியோடு அடுத்த வாரம் திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். கூடத்து மூலையில் நூல் மாதிரிக் கால்களோடு நாலைந்து சிலந்திகள். கொசுவைத் தின்னும், மற்ற சிலந்தியைத் தின்னும், பசித்தால் தன் இனத்தையே தின்னும். ஒட்டடையோடு அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடம் இந்த மகிமையை எல்லாம் விளக்கவும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நாளிக்கி பொண்ணு பாக்க வராங்கோ. அவங்களாண்ட கொசு புடிக்கப் பூச்சி வளக்கறோம்னு சொல்லவா?"

எண்ணூரில் மதியச் சாப்பாடு

இரண்டாவது புகாரையும் பஷீர்தான் பார்த்துவிட்டு வந்தான். எண்ணூர்க் கிடங்கு ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒட்டடை இல்லையென்று எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இனி யார் வேலை தருவார்கள்? அவனோ, காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றான்.

அவன் தலை நிமிராமல் தன் மீன் வறுவலில் பாதியை என் பக்கம் தள்ளினான். பசி, தின்றுவிட்டேன். அப்புறம்தான் சொன்னான்: "பொய் எழுதினா என் வேலையும் பூடும் மாமு. என் வூட்லயும் நாலு வாய் கீது."

இத்தனை வருஷத்தில் நான் கொன்ற பூச்சிகளுக்குக் கணக்கே இல்லை. வேலை போனது என்னவோ ஒன்றைக் கொன்றதாலும் நாலைந்தைக் கொல்லாமல் விட்டதாலும்தான்.