கிள்ளியாறா, கரமனையாறா?

இன்று காலை வெள்ள எச்சரிக்கை என்று செல்போன் கத்தியதும், நனைந்த இலவம்பஞ்சு மெத்தையின் வாடை எனக்கு வந்துவிட்டது. மூன்றாம் மாடியில் மெத்தை ஏன் நனையப் போகிறது? மூக்குக்கு அது தெரிந்தால்தானே.

சின்ன வயதில் எங்கள் வீடு கிள்ளியாற்றங்கரையில். அத்தை வீடு கரமனையாற்றங்கரையில். கிள்ளியாறு ஏறினால் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போவோம். கரமனை ஏறினால் அத்தை எங்களிடம் ஓடி வருவாள்; வாதத்தில் விழுந்த மாமாவை அப்பா போய்த் தூக்கி வருவார். போன் செய்து கேட்பதெல்லாம் கிடையாது. நம் வீட்டுக்குப் போக அனுமதி எதற்கு? வானம் இருண்டால் அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: “எந்த ஆறு?” அத்தை வீட்டுக் கஞ்சிக்கும் பயறுக்கும் ஆசைப்பட்டு, வெள்ளம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட கழுதை நான்.

பிறகு எனக்கு வேலை கிடைத்ததுகூட வெள்ள அபாயம் கணிக்கும் ஓர் அலுவலகத்தில்தான். மேசைக்கு ஓர் ஆறு; இரண்டைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஆளில்லை.

“ரெண்டும் ஒண்ணாப் பொங்கினா, சாரே?” என்று கேட்டேன்.

“அதொக்கெ அபூர்வம் அல்லே?” என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார் மேலதிகாரி. எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் குடும்பமே அந்த நம்பிக்கையில்தானே பிழைத்தது!

அந்த வருஷக் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், கிழக்கு மலை முழுக்க விடாமல் பெய்தது. கிள்ளியாறு வாசலுக்கு வந்ததும் வழக்கம்போல மூட்டை கட்டினோம். பாதி வழியில், முழங்கால் தண்ணீரில், தலையில் மூட்டையோடு எதிரே வந்தாள் அத்தை.

“நீங்க எங்க போறீய?”

“ஒன் வீட்டுக்குத்தான்” என்றார் அப்பா.

அத்தையின் மூட்டை தண்ணீரில் விழுந்தது. “ஐயோ அண்ணே, அவரு கட்டில்ல கெடக்காரே!”

ஓடினோம். அத்தையின் தெருமுனையிலேயே தண்ணீர் அப்பாவின் கழுத்துக்கு வந்துவிட்டது. இழுப்பில் இருமுறை அடித்துச் செல்லப்பட்டு, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாக மாமா அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே நின்றோமே என்ற வேதனை இன்றும் ஆறவில்லை.

இப்போது இரண்டு வீடுகளும் இல்லை. அத்தை என்னோடு இருக்கிறாள். காலையில் போன் கத்தியதும் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“எந்த ஆறு, மக்ளே?”

“ரெண்டும், அத்தே.”

அத்தை உள்ளே போய், மூட்டையை அவிழ்த்து, சேலைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.