பூந்தொட்டிச் சில்லில் ஒரு வாக்கு

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் நான் ஏழாம் வகுப்புப் படித்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். வகுப்புச் சுற்றுலாவுக்கு இரண்டு இடங்கள் சொன்னார்கள்: வடகடலில் ஒரு தீவு, இல்லாவிட்டால் எங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஒரு மலை விடுதி. எங்கள் அகதிக் குடும்பத்துக்கு அப்போது இருந்தது நாட்டில் தங்கத் தற்காலிக அனுமதி மட்டும். மாநில எல்லையைத் தாண்ட வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். கடிதத்தை வாசித்துக் காட்டியதுமே அப்பா சொல்லிவிட்டார்.

"மலையெண்டா ஒரு கடதாசியும் தேவையில்லை, போயிட்டு வாங்கோ. கடலெண்டா ஏலாது பிள்ளை. நாங்கள் அந்திராக் எழுதிப் போட்டு, கந்தோருக்கு வரச்சொல்லி டெர்மின் கிடைக்கிறதுக்குள்ள மற்றப் பிள்ளையள் போயிட்டே வந்திடுவினம்."

இது வகுப்பில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

வரலாற்று ஆசிரியை அந்த மாதம் ஸ்பார்ட்டாவையும் ஏதென்சையும் ஒப்பிட்டு நடத்திக்கொண்டிருந்தார். இடத்தையும் அந்த இரண்டு ஊர்களின் முறையிலேயே தேர்ந்தெடுப்போம் என்றார். முதலில் ஸ்பார்ட்டா. அங்கே மூத்தோர் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, மூடிய அறைக்குள் இருப்பவர்கள் வெளியே எழும் கூச்சலை மட்டும் கேட்டு, எது பெரியது என்று சொல்வார்களாம். வாய் திறக்காதவள் என்பதால் என்னையே நடுவராக்கிக் கதவுக்கு வெளியே அனுப்பினார். மாட்டியிருந்த குளிர் அங்கிகளுக்கு நடுவே தனியாக நின்று கேட்டேன். இரண்டாவது கூச்சல்தான் பெரியது. உள்ளே வந்ததும் சொன்னார்கள், அது மலைக்கு எழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடல்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இது காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். அப்படியானால் ஏதென்ஸ் என்று ஆசிரியை ஒரு பையைத் திறந்தார். உள்ளே உடைந்த பூந்தொட்டி. யாரையாவது ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமானால் ஏதென்ஸ்காரர்கள் இப்படியொரு சில்லில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்களாம். நாங்கள் விரும்பும் இடத்தைக் கீறச் சொல்லி ஆளுக்கொரு சில்லும் ஓர் ஆணியும் தந்தார்.

என்ன கீறினேன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கூச்சலைக் கேட்டவள் நான், மலைதான் வெல்லும் என்று நம்பினேன். ஒரு தடவையாவது ஆசைப்பட்டதை எழுதிப் பார்ப்போமே என்று 'கடல்' என்று கீறினேன்.

கடலுக்குப் பதின்மூன்று, மலைக்குப் பன்னிரண்டு.

அப்பா விண்ணப்பித்தார்தான். டெர்மினோ சுற்றுலா முடிந்த வாரத்துக்குத்தான் கிடைத்தது. பள்ளிக்குக் குடும்பக் காரணம் என்று எழுதிக் கொடுத்தோம். அந்த ஐந்து நாளும் பக்கத்து வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. ஏதென்சில் அந்தச் சில்லு ஆளை ஊரைவிட்டு அனுப்பியது. என்னை ஊரிலேயே நிறுத்தி வைத்தது. அழுகையைவிட என் மேல் எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது.

எல்லோரும் கடற்கரை வெயிலில் மூக்குத் தோல் உரியத் திரும்பி வந்த மறுவாரம் சோதனை. கடைசிக் கேள்வி: இரண்டு நகரங்களில் நீ எதில் வாழ விரும்புவாய், ஏன்? வகுப்பே ஏதென்ஸ் என்று எழுதியது. வாக்கு, பேச்சுரிமை, நாடகம் என்று பக்கம் பக்கமாகக் காரணங்கள்.

நான் ஸ்பார்ட்டா என்று ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஏன்?' என்று கேட்டு, புள்ளி எதுவும் தராமல் விட்டிருந்தார்.

ஸ்பார்ட்டாவில் என்றால் நானும் போயிருப்பேன்.