குழல் பார்க்கிற அன்ரன் அண்ணை

அன்ரன் அண்ணை போய்விட்டார். இன்று காலை அவருடைய மகள் ஜெசிந்தா போன் எடுத்துச் சொன்னாள்...

நான் வேலைக்குப் போகிற பஸ் என் கண் முன்னால்தான் போனது. கையைக் காட்டவும் தோன்றவில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில் கார்ல்ஸ்ரூஹேக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். கிளப்பில் கடதாசி வட்டத்தில் குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு, அவரவர் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்துத் துவக்குச் செய்து கொடுக்கிற இடம்.

துவக்குக்குப் பயந்து ஓடி வந்த இரண்டு பேருக்கு ஜெர்மனியில் வாய்த்த வேலையைப் பாருங்கள்.

நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார். எனக்கு மரப்பிடிக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. அவருக்குத் துவக்குக் குழல் தெரிவு செய்கிற வேலை.

ஊருக்கு எழுதும் கடிதத்தில் துவக்கு என்ற சொல்லையே எழுத முடியாது. எந்தச் சோதனைச்சாவடியில் யார் பிரித்துப் பார்ப்பார்களோ... அதனால் தண்ணீர்க் குழாய் செய்கிற கொம்பனி என்று மனைவிக்கு எழுதியிருந்தார். பதில் வந்தது, கிணற்று மோட்டருக்குப் பத்தடிக் குழாய் ஒன்று யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி.

"என்ன தங்கச்சி செய்யிறது... இனி உண்மையாவே குழாய்க் கொம்பனிக்கு மாற வேண்டியதுதான்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

ஆனால் வேலையில் விளையாட்டே இல்லை. பெட்டியில் வரும் குழல்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணால் உள்ளே பார்ப்பார். உள்ளே தெரிகிற வெளிச்ச வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் அந்தக் குழல் வளைவு, வேண்டாம்.

பிறகு ஒரு சின்ன ஈயக் குண்டைக் கம்பியால் மெல்ல மெல்லத் தள்ளுவார். முழுவதும் ஒரே இறுக்கமாகப் போய், வாய்ப் பக்கம் வரும்போது இன்னும் ஒரு துளி இறுகினால் நல்ல குழல். நடுவில் வழுக்கினால் கூடாது. அளக்கிற மெஷின் இருந்தும், எங்கள் முதலாளி ஷெஃப் இவருடைய விரலைத்தான் நம்பினார்.

ஒரு வசந்த காலம்... இடது கைக்காரியான ஒரு தபால்காரப் பெண்ணுக்குத் துவக்குச் செய்துகொண்டிருந்தோம். அண்ணை சரி பார்த்துச் சோக்கால் அடையாளம் போட்ட குழல் மேசையில் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் நானும் குண்டைத் தள்ளிப் பார்த்தேன்.

நடுவில் வழுக்கியது. மறுபடி தள்ளினேன். அதே இடத்தில் அதே வழுக்கல்.

சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து மூன்று முறை தள்ளினார்.

"எனக்கொண்டும் தெரியேல்லை..." என்றார். விரல்களைத் தேய்த்துப் பார்த்து, "கொஞ்ச நாளா விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்க் கிடக்கு தங்கச்சி" என்றார்.

மனைவியையும் மகளையும் கூப்பிட அவர் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு எத்தனையோ நாள் காத்திருந்து, அடுத்த கிழமைதான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நேரில் வரச் சொன்ன நாள். நிரந்தர வேலை இருக்கிறது என்று ஷெஃப் எழுதித் தருகிற கடிதத்தோடு போக வேண்டும். அந்தக் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை.

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நான் தள்ளிப் பாத்துச் சொல்லுறன். நீங்கள் அடையாளத்தைப் போடுங்கோ."

"இதை நீ பிடிச்சிட்டாய். நீ வராத அண்டைக்குப் போறதை ஆர் பிடிக்கிறது?"

குழலையும் எடுத்துக்கொண்டு நேரே ஷெஃப்பின் அறைக்குப் போனார். மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன். இப்படியும் ஒரு மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுவாரா என்று.

மூன்று நாள் ஷெஃப் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடிதத்தைப் பற்றிக் கேட்க எங்கள் இருவருக்கும் துணிவு வரவில்லை.

டெர்மினுக்கு முதல் நாள் வேலைக்குப் போனால், ஜன்னலடியில் உட்கார இரண்டு கதிரைகள். "இனி அவள் தள்ளட்டும், நீ வெளிச்சத்தில் பார். இரண்டு பேரும் சரி என்றால்தான் குழல் வெளியே போகும்" என்றார் ஷெஃப். அண்ணையின் கையில் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்து, முதலில் டொக்டரிடம் போ என்றும் ஏசினார்.

டொக்டரிடம் போனபோதுதான் அவருக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், என்று தெரிந்தது. விரல்களின் உணர்ச்சி பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அந்த ஜன்னலடியில் ஆறு வருஷம் சேர்ந்து குழல் பார்த்தோம். நான் சரி என்றதை அவர் வேண்டாம் என்பார், அவர் சரி என்றதை நான் வேண்டாம் என்பேன். நல்ல சண்டையெல்லாம் பிடித்திருக்கிறோம்...

அந்தத் தபால்காரப் பெண் புதுக் குழலோடு போய், ஐந்து சூடும் ஒரே ஓட்டையாக விழுந்த கடதாசியைக் கொண்டுவந்து தந்தார். அதை எங்கள் கதிரைகளுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தோம்.

டெர்மின் முடிந்த அடுத்த ஆண்டே அண்ணையின் மனைவியும் ஜெசிந்தாவும் வந்து சேர்ந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். ஏழு வயதுப் பிள்ளை, மெல்லிய சட்டையோடு வந்து இறங்கினாள். அண்ணை அவளுடைய கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

திடீரென்று என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இவளின்ரை கையை ஒருக்காப் பிடிச்சுப் பார். குளிருதோ?"

பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. "ஓம் அண்ணை, குளிருது" என்றேன். தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று போனில் ஜெசிந்தா சொன்னாள். "கடைசியா நான்தான் அன்ரி, அப்பாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

நான் கேட்டுவிட்டேன் அண்ணை, உங்கள் கை குளிர்ந்திருந்ததோ என்று. கேட்காமல் இருக்க முடியவில்லை.

சூடாத்தான் இருந்ததாம்... போயிட்டு வாங்கோ.