பீச்சாங்கைப் பக்கத்துக் கைகாட்டி

எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்ததும் பாகீரதி மாமி முதலில் அதை மோந்து பார்க்கிறார். அளவெல்லாம் அப்புறம்தான். "எண்ணெயில பெட்ரோல் கலந்திருந்தா வாசனையே சொல்லிடும்" என்பார். மணி ஆறேகால். கொல்கத்தாவில், டாலிகஞ்சின் அந்தச் சந்தில் பேப்பர்காரர் அப்போதுதான் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நுழைவார்.

பிறகு வண்டியின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிப்பார். வண்டி வந்த புதிதில் அது தெரியாமல் பிடித்து, கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்ததில் விரல் முறிந்து, மூன்று வாரம் ஆபீசில் கோணல் கையெழுத்துப் போட்டவர். அந்த விரல் இன்னும் சற்று வெளிப்பக்கமாகவே வளைந்திருக்கிறது. யாராவது என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்.

வண்டி 1938ஆம் வருஷத்து ஆஸ்டின். கரும்பச்சை. இது கிடைத்தபோது மாமி அரசாங்கக் காப்பீட்டு ஆபீசில் அதிகாரி. கிடர்பூரில் ஏதோ கிடங்கு எரிந்துபோனதைப் பார்வையிடப் போனவர், அடுத்த கொட்டகையில் எட்டிப் பார்த்தார். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே புறா எச்சத்தோடு இது நின்றுகொண்டிருந்தது. எரிந்த கிடங்கைப் பற்றிய அறிக்கை அன்று ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோயிற்று என்று சக ஊழியர்கள் வெகுநாள் கேலி செய்தார்கள். அது ஆயிற்று இருபது வருஷத்துக்கு மேல்.

கணவர் வெங்கடசுப்ரமணியன் மெட்ரோவில்தான் போவார். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பாலத்தின் நடுவில் வண்டி நின்று, பட்டு வேட்டியோடு தள்ளியவர் அவர். அன்றே அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் படப்பிடிப்புக்குக் கேட்டு வருவதுண்டு. ஒருமுறை கொடுத்ததில் கதாநாயகன் ஏழு தடவை கதவை அறைந்து சாத்தினான். அதோடு மாமியும் ஒரு கும்பிடு போட்டார்.

விளக்கு வளையங்களை விபூதி போட்டுத்தான் துலக்குவார். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குகிற அதே பழக்கம். பழைய கார்க்காரர்களின் சங்கத்தில் இதற்கு 'மாமி பவுடர்' என்று பெயர். பெரிய பெரிய வண்டி வைத்திருக்கிற வங்காளிக் கனவான்கள் சின்ன டப்பாவோடு வந்து வாங்கிப்போகிறார்கள். நெற்றிக்கு இட்டது போக மிச்சம்தான் காருக்கு என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்.

இன்னொரு விசித்திரம் உண்டு. அவசரத்தில் மாமிக்கு லெஃப்ட் எது, ரைட் எது என்று குழம்பிவிடும். சோத்தாங்கை, பீச்சாங்கை என்றால் குழம்பாது. அதனால் வண்டியின் ஒயர்களில் கட்டியிருக்கும் காகிதச் சீட்டுகளில் எல்லாம் 'சோ', 'பீ' என்று எழுதியிருக்கும். பெஹாலாவில் இருக்கும் அனிமேஷ் கர்மகார் ஒருநாள் அதற்கு அர்த்தம் கேட்டார். சோறு தின்கிற கை, மற்றது கழுவுகிற கை என்று மாமி கூச்சமில்லாமல் விளக்கினார். அந்த மனிதர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் சிரித்தார். வங்காளத்திலும் அந்தக் கைக்கு அதே வேலைதான்.

அனிமேஷ் இவரை 'திதி' என்பார், அதாவது அக்கா. இவர் அவரை 'தாதா' என்பார், அதாவது அண்ணா. யார் மூத்தவர் என்பது இன்னும் தீராத வழக்கு. அவரிடமும் அதே வருஷத்து ஆஸ்டின் ஒன்று இருக்கிறது. பெஹாலாவில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய ஒரு வருஷம் அதன் எஞ்சின் இறுகிப்போயிற்று. திறக்கப் போனதில் அதன் இரும்பு வார்ப்பே விரிசல் விட்டது. மாற்று எஞ்சினுக்கு எங்கே போவது? எட்டு வருஷமாக அது நகரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்து, டயருக்குக் காற்றடித்து வைப்பார். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாமே என்று சங்கத்தில் சொல்லாத ஆள் இல்லை. இருவருமே காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்தக் காலத்துக் காரில் இப்போது போல் மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணுக்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குட்டிக் கை படுத்திருக்கும். விசையைத் திருப்பினால் ரயில்வே கைகாட்டி போல வெளியே எழுந்து மஞ்சளாக எரியும். மாமியின் வண்டியில் இடப்பக்கத்துக் கைகாட்டி போயே போய்விட்டது. கிடர்பூரில் தகரம் ஏற்றிவந்த கைவண்டி ஒன்று உரசிக் கையோடு கொண்டுபோயிற்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாமி துரத்தினார். கைவண்டி கிடைத்தது, கைகாட்டி கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

ரோட்டில் இது போதும். சங்கத்துக்குப் போதாது. பிறக்கும்போது வண்டியில் என்ன இருந்ததோ அது வேலை செய்தாக வேண்டும் என்பது வருடாந்திர ஊர்வலத்தின் விதி. முந்தைய நாள் பரிசோதனை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கையால் காட்டிப் பார்த்தார், செல்லவில்லை. போன வருஷம் ஒரு பட்டறையில் செய்து வாங்கிய கையை மாட்டினார். அது கனம் தாங்காமல் எழவே இல்லை. மூன்றாவது தடவையும் தவறினால் வண்டி ஓடும் வண்டிகளின் பட்டியலிலிருந்து நிற்கும் வண்டிகளின் பட்டியலுக்குப் போய்விடும். அதில் போன வண்டி திரும்பி வந்ததில்லை. கயிறு கட்டி, பக்கத்தில் அட்டை எழுதி, குழந்தைகளை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "என் வண்டி என்ன, மியூசியத்துல இருக்கற மம்மியா?" என்று மாமி கேட்டார்.

பரிசோதனைக்கு நான்கு நாள் முன்னால் அனிமேஷ் வந்தார். துண்டில் சுற்றிய பொட்டலம். உள்ளே அவர் வண்டியின் இடப்பக்கத்துக் கைகாட்டி. மாமி இத்தனை நாளில் ஒருமுறையும் அதைக் கேட்டதில்லை. ஓடாத வண்டியாக இருந்தால் என்ன, ஒருத்தரிடம் போய்க் கையைக் கழற்றிக் கொடு என்று கேட்கிறதா? கை கொடுத்தார் என்று தமிழில் சொல்வோமே, மனிதர் நிஜமாகவே கொடுத்துவிட்டார். என் வண்டிதான் ரோட்டைப் பார்க்கப் போவதில்லை, அதன் ஒரு கையாவது பார்க்கட்டும் என்றார் வங்காளியில். மாமி உள்ளே போய்க் காபி கலக்கிறேன் என்று வெகுநேரம் வெளியே வரவில்லை.

சும்மா கொடுப்பது மரியாதையில்லை என்று அனிமேஷ் அதற்கு நான்கு கோட் பெயின்ட் வேறு அடித்திருந்தார். அங்கேதான் வந்தது வினை. வீட்டில் மாட்டிப் பார்த்தபோது அழகாக எழுந்த கை, சனிக்கிழமை மதியம் மைதானத்து வெயிலில் பெயின்ட் இளகித் தூணோடு ஒட்டிக்கொண்டது. பரிசோதகர் மஹாதேவன், ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். தமிழருக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று மாமியிடம் இரண்டு பங்கு கறாராக இருப்பவர். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். மாமி விசையை மூன்று முறை திருப்பினார். உள்ளே 'டிக்' என்றது. கை வரவில்லை. அனிமேஷ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு கணம் அந்தத் தூணைப் பார்த்தார். பிறகு வளைந்த கட்டைவிரலை ஒதுக்கி மடக்கிக்கொண்டு, முட்டியால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். கை படக்கென்று எழுந்து எரிந்தது.

"தட்டினாத்தான் வருமா?" என்றார் மஹாதேவன்.

"அடி மேல் அடி அடிச்சா அம்மியே நகரும். இது நகராதா?"

மஹாதேவன் சிரிக்கவில்லை. தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். இன்னொருமுறையும் தட்டிப் பார்த்தார். "அந்தக் காலத்துலயும் இதையெல்லாம் தட்டித்தான் எழுப்புவா. இது வியாதி இல்ல, பிறவிக் குணம். ஒரிஜினல்னே எழுதலாம்" என்றவர் பேனாவை நிறுத்தினார். "ஆனா நீங்க ஓட்டறச்சே இந்தப் பக்கம் எட்டித் தட்ட முடியாது. வழி முழுக்கப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். பேர் வேணும்."

"அனிமேஷ் கர்மகார். எழுதிக்கோங்கோ."

சாயங்காலம் அனிமேஷ் உப்புத்தாளும் கையுமாக டாலிகஞ்சுக்கே வந்துவிட்டார். அரை மணி நேரம் போதும், பெயின்ட்டை உரசி எடுத்துவிட்டால் தட்டவே வேண்டாம், உங்களுக்கும் தொந்தரவு இல்லை என்று கெஞ்சினார். மாமி உப்புத்தாளை வாங்கி மடித்துத் தன் ஸ்பேனர் டப்பாவில் போட்டுக்கொண்டார். "வேண்டாம் தாதா. அது தானா வந்துடுத்துன்னா அப்புறம் பக்கத்து சீட்டுக்கு ஆள் எதுக்கு?" என்று தமிழில் சொல்லிவிட்டு, வங்காளியில் நாளைக்கு ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பாவில் வந்தார். எட்டு வருஷத்துக்குப் பிறகு ஓடுகிற ஆஸ்டினில் உட்கார்கிறார். வண்டி மைதானத்தை விட்டு நகர்ந்ததும் இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டார், இல்லாத பிரேக்கைத் தானும் மிதிக்கிறவர் போல. எஞ்சின் சத்தத்துக்குத் தலையாட்டினார். முதல் திருப்பத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே விரல் முட்டியை மடக்கித் தூணருகே வைத்துக்கொண்டுவிட்டார்.

முனை வந்தது. மாமி விசையைத் திருப்பினார்.

"தாதா, பீச்சாங்கை."

இரண்டு தட்டு.

"உட்டேச்சே, திதி" என்றார் அனிமேஷ், மிக மெதுவாக. எழுந்துவிட்டது என்கிறார். அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் படிந்திருந்தது.

மாமியின் வலது கை பழக்கதோஷத்தில் அதற்குள் ஜன்னலுக்கு வெளியே நீண்டு பாதி வட்டம் போட்டிருந்தது. அதை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வண்டியைத் திருப்பினார்.