தண்ணீர்த் தடையும் சிவப்புக் குடையும்

“ஏன்டி, பெஞ்சை எதுக்கு நடுக்கூடத்துல போட்டிருக்க?” என்று கேட்டாள் அம்மா.

“அது பெஞ்சு இல்லம்மா, தடை,” என்றாள் அக்கா.

“எனக்கும் அது தடைதான். நகத்து.”

“வேற ஓட்டத்துல கால் பட்டா தடை சாயும்மா. இதுல நாமதான் சாயணும். அது அசையாது.”

“அப்ப உங்கப்பா மாதிரின்னு சொல்லு.” அம்மா பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனாள். செய்தித்தாளுக்குப் பின்னால் அப்பா கனைத்தார்.

அக்கா பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பவள், அசையாமல் நிற்கும் ஒரு கட்டையிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். பணிமனை அணியில் தடை தாண்டும் ஓட்டத்துக்கு ஒரே ஓர் இடம் மீதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அடுத்த வருடம் சின்னப் பெண்கள் வந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மற்றத் தடைகளைப் பூனை மதிலைத் தாண்டுவதுபோலத் தாண்டிவிடுவாள். தகராறு தண்ணீர்த் தடையோடுதான். அதை ஒட்டினாற்போல் அந்தப் பக்கம் தண்ணீர் நிரப்பிய குழி. தடையருகே ஆழம், தள்ளிப் போகப்போகச் சரிந்து மேடாகும். கட்டைமேல் ஒரு கால் வைத்து, உடம்பைத் தாழ்த்தி, மேலே எழும்பாமல் முன்னால் உந்தவேண்டும். ஒரு கால் ஓரத்துத் தண்ணீரில் பட, மறுகால் அதற்குள் வெளியே ஓடிக்கொண்டிருக்கவேண்டும். அக்கா கட்டைமேல் ஏறியதும் தண்ணீரைக் குனிந்து பார்ப்பாள். பார்த்த இடத்திலேயே இரண்டு காலோடும் தொப்பென்று விழுவாள். அவள் ஏறி வருவதற்குள் மற்றவர்கள் வளைவு திரும்பியிருப்பார்கள். பணிமனையில் அவளுக்குத் ‘தவளை’ என்று பெயர். அந்த ஞாயிறு வரைக்கும் அதுதான் பெயர்.

பயிற்சி கொடுத்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். “கண்ணு போற இடத்துக்குத்தாம்மா காலும் போகும். தண்ணியைப் பாக்காத!”

“பின்ன எதைண்ணே பாக்கறது?”

“எதையாவது பாரு. தூரமா.”

அக்கா வானத்தைப் பார்த்தாள். கட்டை முழங்காலுக்குக் கீழே பதம் பார்த்தது.

சனிக்கிழமை மாலை அந்த வீக்கத்துக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தவள், கதவில் தொங்கிய என் சிவப்புக் குடையையே வெகுநேரம் பார்த்தாள். கூட்டத்தைக் கண்டால் வெயிலே இல்லாவிட்டாலும் நான் அதற்குள் ஒளிந்துகொள்வேன் என்பது வீட்டின் பழைய கேலி.

“நாளைக்கு அந்தக் குடையோட வர்றியா?” என்றாள். “குழிக்கு அந்தப் பக்கம், நேரா தள்ளி, விரிச்சுப் பிடிச்சு நில்லு. கத்த வேணாம், கைதட்ட வேணாம், உனக்கு அதெல்லாம் வராது. எல்லாரும் உன்னைத் திரும்பிப் பாப்பாங்க. பாத்தா பாக்கட்டும். நான் கட்டைமேல கால் வைக்கிறப்ப மட்டும் வெக்கப்பட்டு மடக்கிடாதடி.”