சித்தப்பா வீட்டு முகவரி

பிரெஞ்சு படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் அடுத்த கேள்வி, "அப்ப மாப்பிள்ளை பிரான்சிலை எந்த இடம்?" என்பதுதான். வேறு எதற்காகவும் ஒரு பெண்பிள்ளை பிரெஞ்சு படிப்பாள் என்று உரும்பிராயில் யாருக்கும் தோன்றியதில்லை. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் இதே விசாரணை. "இல்லை அன்ரி, நான் கம்பசிலை சர்வதேச உறவுகள் படிக்கிறன். அதோடை சேர்த்துப் பிரெஞ்சும் ஒரு பாடம்" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் கொடுத்தே எனக்கு வாய் உளைந்துபோனது. பக்கத்து வீட்டு அன்ரி மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கடை உறவெல்லாம் சர்வதேசத்திலைதானே கிடக்குது. அதுக்கேன் பிள்ளை ஒரு படிப்பு?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கம்பஸ் கொழும்பில். காலையில் சர்வதேச உறவுகள் விரிவுரை, பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு. காலையில் எல்லை, இறைமை, தலையிடாமை என்று பெரிய பெரிய சொற்களோடு மல்லுக்கட்டிவிட்டு, பின்னேரம் போய் "என் பெயர் இது, எனக்குப் பூனை பிடிக்கும்" என்று குழந்தைப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு அது பெரிய வெட்கக்கேடாக இருந்தது. பிரெஞ்சு ரீச்சர் ஒரு உயிரெழுத்துக்காக என்னை அரை மணித்தியாலம் எழுப்பி நிறுத்திவைத்திருக்கிறார். உதட்டைக் குவி, குவி என்று அவர் சொல்ல, வகுப்பே என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் மூன்றாம் வருடத்தில் இரண்டும் ஒரு நாள் ஒட்டிக்கொண்டன. பழைய உடன்படிக்கை ஒன்றின் பிரெஞ்சு மூலத்தை நூலகத்தில் இருந்து வாசித்தேன். அகராதியைத் தொடவில்லை. கடைசிப் பந்திக்கு வந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. அந்தச் சந்தோசத்தை யாரிடம் போய்ச் சொல்வது? வெளியே வந்து ஒரு பிளேன்ரீ குடித்தேன். ஒரு நாள் அப்படி ஒரு மேசையின் ஒரு பக்கத்தில் நானும் இருந்து, அந்த மொழியில் கதைத்து, ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு ஆசையே இல்லை. ஆசை என்று சொல்வதும் குறைவு. அது விசர், முழுப் பைத்தியம்.

அதற்கு வழியும் வந்தது. பாரிசில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிக்க எங்கள் வகுப்பில் ஒருவருக்கு இடம். படிப்புச் செலவு அவர்கள் பொறுப்பு, ஹொஸ்டலில் அறையும் தருவார்கள். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அப்பா வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். நான் சொல்லச் சொல்ல மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கேட்டார். ஒரு பாத்தி நிரம்பி மற்றப் பாத்திக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கை பிள்ளை தங்கப்போறாய்?" என்றார்.

"ஹொஸ்டல் தருவினம் அப்பா."

அவருடைய முகம் மாறிவிட்டது. "ஹொஸ்டலோ? சொந்தச் சித்தப்பன் அங்கை இருக்கேக்கை நீ ஹொஸ்டலிலை கிடக்கிறதோ? அவன் என்ன நினைப்பான்?"

வெளியாருக்கு இது விளங்காது. எங்கள் ஆட்களிடம், சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போய் வேறு இடத்தில் தங்கினால், அது அந்த வீட்டுக்காரரைக் கன்னத்தில் அறைந்த மாதிரி. ஒரு நாள் வேலையாகக் கொழும்புக்குப் போனாலும், வெள்ளவத்தையில் யார் வீட்டில் நின்றோம் என்று திரும்பி வந்து கணக்குக் காட்ட வேண்டும். லொட்ஜில் நின்றுவிட்டு வந்த குற்றத்துக்காகக் கலியாணவீட்டுக்கு வராமல் விட்ட மாமாமார் எனக்கு இருக்கிறார்கள்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. சண்டைக் காலத்தில் அவரை வெளியில் அனுப்பி வைத்தவரே அப்பாதான். அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். அம்மாவும் நானும் பக்கத்தில். அப்பா விசயத்தைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று அப்பா "ஹலோ, ஹலோ" என்றார்.

பிறகு சித்தப்பாவின் குரல் வந்தது. "உதென்ன கேள்வி அண்ணை? என்ரை வீடு இருக்கேக்கை பிள்ளை ஏன் ஹொஸ்டலுக்குப் போகோணும்? உங்கடை பிள்ளை எண்டா என்ரை பிள்ளைதானே."

அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே! தம்பியைப் பெற்றவரே தான்தான் என்கிற மாதிரி ஒரு பெருமை.

நான் சும்மா இருக்கவில்லை. "அப்பா, விசாவுக்குப் போகேக்கை கம்பஸ் தாற இடத்திலை தங்கப்போறன் எண்டு சொன்னாத்தான் நல்லது. சொந்தக்காரர் வீடு எண்டா, இவள் அங்கையே நிண்டிடுவாள் எண்டு நினைப்பினம்" என்றேன்.

"நீ நிப்பியோ?"

"இல்லை."

"பேந்தென்ன? உண்மையைச் சொல்ல ஏன் பயம்?"

மூன்று வருடம் பேச்சுவார்த்தை பற்றிப் படித்தவள், எங்கள் வீட்டில் அம்மா சமைக்கிற குசினியின் வாசலில் நின்று தோற்றுப்போனேன். அம்மா, "அவர் ஆசைப்படுறார், விடு பிள்ளை" என்றார். விட்டேன். ஹொஸ்டல் அறை வேண்டாம் என்று அறிவித்தோம். விசாப் படிவத்தில் தங்குமிடம் என்ற இடத்தில் சித்தப்பா வீட்டு முகவரி போனது.

விசாக் கந்தோரில் என்னை நேர்முகம் கண்டவர் ஒரு பெண். சாந்தமான முகம். பாடங்களைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சித்தப்பாவைப் பற்றித்தான். எப்போது வந்தார், எப்படி வந்தார், வேறு யார் இருக்கிறார்கள்? எங்கள் ஊரில் சொந்தக்காரர்களைப் பற்றி யாராவது கேட்டால், நாங்கள் ஒருவரையும் விடமாட்டோம். விட்டால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அப்பாவின் பக்கம், அம்மாவின் பக்கம், மச்சாளின் புருசனின் தமையன் என்று எல்லோரையும் நான் வரிசையாக எழுப்பி நிறுத்தினேன். அன்றைக்கு என் பிரெஞ்சு அவ்வளவு வடிவாக வந்தது. ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டிருந்தார். நான் நினைத்தேன், என் உச்சரிப்பில் மயங்கிவிட்டார் என்று.

விசா மறுக்கப்பட்டது. படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவேன் என்பதில் நம்பிக்கை இல்லையாம். முகவரியால்தான் அப்படி நடந்தது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் அந்த இடம் வகுப்பில் எனக்கு அடுத்தவளுக்குப் போனது. அவளுக்கு அங்கே ஒரு பூச்சி புழு சொந்தமில்லை. ஹொஸ்டலில் தங்கினாள், படித்தாள், திரும்பி வந்தாள். இப்போது வெளிநாட்டு அமைச்சில் இருக்கிறாள். நல்ல பிள்ளை. அவளைத் திட்டக்கூட எனக்கு ஒரு காரணம் இல்லை.

அப்பாவுக்குப் போனில் சொன்னேன். "சரி பிள்ளை. சாப்பிட்டியே?" என்றார்.

பட்டம் கிடைத்தது. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை எழுதினேன், அது கிடைக்கவில்லை. மனம் விட்டுப்போய் எழுதினால் எப்படிக் கிடைக்கும்? ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது வீட்டு முன்னறையில் பிரெஞ்சு படிப்பிக்கிறேன். வருகிறவர்கள் அனேகமாகப் புதிதாகத் தாலி கட்டிய பெண்கள். மாப்பிள்ளை வந்து கட்டிவிட்டுப் போய்விடுவார், விசா வரும்வரை இவர்கள் என்னிடம் படிப்பார்கள். பஸ் எங்கே நிற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல், எனக்கு இது விளங்கவில்லை, தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள். இறைமையும் தலையிடாமையும் இவர்களுக்கு எதற்கு? உதட்டைக் குவி, குவி என்று நானும் சொல்கிறேன். ஒருத்தி விசாவோடு வந்து லட்டுத் தந்துவிட்டுப் போனால், அன்று முழுக்க எனக்கு ஒருவரோடும் கதைக்கப் பிடிக்காது. பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அப்பா என்னைவிட மோசம். நல்லாகக் கதைத்துக்கொண்டிருக்கிறவர் திடீரென்று, "ஹொஸ்டல் எண்டு போட்டிருந்தாக் கிடைச்சிருக்குமோ பிள்ளை?" என்பார்.

"இல்லை அப்பா. அது வேறை காரணம்."

"ஓம், ஓம்" என்று கொஞ்சத் தூரம் போவார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். "எண்டாலும் போயிருந்தா, சித்தப்பா வீட்டிலை ராசாத்தி மாதிரி இருந்திருப்பாய்." இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இந்த வருடங்களைக் கடந்தார். அது எனக்குத் தெரியும்.

போன நல்லூர்த் திருவிழாவுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். சித்தியும் மகளும் வருவது அதுதான் முதல் தடவை. மகளுக்குப் பதினேழு வயது. தமிழ் கொஞ்சம் விளங்கும், வாயில் வராது. மத்தியானம் எல்லோரும் மேசையில் இருந்தோம். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயசம் என்று அம்மா அமர்க்களப்படுத்தியிருந்தார். மகள் கறி உறைக்குது என்று கண்ணீரோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பிரெஞ்சில், "சோற்றோடு தயிரைப் போட்டுப் பிசைந்து சாப்பிடு" என்றேன். அவ்வளவுதான். வந்து நாலு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளை மடை திறந்த மாதிரிப் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

"எங்கள் வீட்டில் வந்து இருக்கப் போவதாகச் சொன்ன அக்கா நீதானே?" என்றாள். "ஐயோ, அப்போது எங்கள் வீட்டில் நடந்த சண்டை! எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. நானும் அம்மாவும் அறையில், அப்பா வெளியே சோபாவில். நீ வந்தால் நான் குசினிக்குள் படுக்க வேண்டும் என்றார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் அழுவாள். அண்ணனிடம் எப்படி முடியாது என்று சொல்வது என்று அப்பா கத்துவார். உனக்கு விசா இல்லை என்று போன் வந்ததே, அன்றைக்கு அம்மா சாமிக்கு விளக்குக் கொளுத்தினாள். அப்பா கேக் வாங்கி வந்தார். பெரிய கேக். எனக்கு அந்தக் கேக்தான் நல்ல ஞாபகம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு பகிடிக் கதை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சித்தப்பாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. சித்தி தலையை நிமிர்த்தவில்லை. ஸ்பீக்கரில் கேட்ட அந்த அமைதி எனக்கு இப்போதுதான் விளங்கியது. அது லைன் அறுந்த அமைதி இல்லை. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "அண்ணை, இடமில்லை" என்று ஒரு சொல். என் வாழ்க்கையே வேறு. ஆனால் தன்னை அனுப்பி வைத்த தமையனிடம் அந்தச் சொல்லை எந்த வாயால் சொல்வார்? வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் ஒரு பக்கம், கேட்காமல் விடத் தெரியாதவர் மற்றப் பக்கம். நடுவில் என்னுடைய அந்த ஒரு வருடம் போய்விட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிக் கத்த வேண்டும் போல இருந்தது.

"என்னவாம் பிள்ளை? உன்னோடை நல்லா ஒட்டிட்டாள் போல" என்றார் அப்பா. அவருடைய முகமெல்லாம் சிரிப்பு. அந்த மேசையில் ஒன்றும் விளங்காதவர்கள் அவரும் அம்மாவும்தான்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். என்ரை ஆண்டவரே, அந்தப் பார்வை.

"அக்கா வாறா எண்டு சின்னனிலை ஆசையாப் பாத்துக்கொண்டு இருந்தவளாம்" என்றேன். "தன்ரை அறையையே எனக்குத் தர இருந்தவளாம். நான் வராமல் விட்டது அவளுக்குச் சரியான கவலையாம்."

அப்பா சித்தப்பாவின் முதுகில் தட்டினார். "பாத்தியே! நான் அப்பவே சொன்னன். ராசாத்தி மாதிரி வைச்சிருந்திருப்பினம் எண்டு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பா, "ஓம் அண்ணை" என்றார்.

மகளுக்கு என் தமிழ் கொஞ்சம் பிடிபட்டிருக்க வேண்டும். புருவத்தைச் சுருக்கி, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றாள் பிரெஞ்சில்.

"தெரியும்" என்றேன் நானும் பிரெஞ்சில்.

"இப்ப என்ன கேக்கிறாள்?" என்றார் அப்பா.

"பாயசம் இன்னும் கொஞ்சம் வேணுமாம்."

அப்பா அம்மாவைக் கூப்பிடவில்லை. தானே எழும்பிப் போய்ப் பானையோடு கொண்டுவந்து, அவளுடைய கிண்ணம் வழிய வழிய வார்த்தார். "குடி பிள்ளை, குடி" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஒன்றும் கேட்காமல் குடித்தாள்.