கேள்விக்குறி போட்ட கழுத்து

எங்கள் தெருவுக்கு நான் பாதி டாக்டர். நானாகச் சொல்லிக்கொண்ட பட்டம் இல்லை அது. திருவொற்றியூரில் வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படித்து, டாக்டர் எழுதியிருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய கோடு எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஊசி போடத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்று கேட்டு வருகிறவர்களிடம் இதை விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மூன்று வருடமாக எனக்குக் கொடுத்திருப்பது எலும்பு முறிவு. அதிலும் பெரும்பாலும் கழுத்தின் மேல்பகுதி. S12 என்று தொடங்கும் எண்கள் என் ரேஷன் கார்டு நம்பரைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். கழுத்தின் இரண்டாம் எலும்பிலிருந்து விரல் மாதிரி ஒரு முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது எந்த இடத்தில் உடைந்தது, முன்னால் விலகியதா, பின்னால் விலகியதா, ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு.

இந்த வேலையில் முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: டாக்டர் எழுதாததை நீ எழுதாதே. வெளிநோயாளி சீட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று இருந்தாலோ, நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தாலோ அந்த நோயைத் தொடக் கூடாது. வலி மட்டும்தான் நிச்சயமா? வலிக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. மீறினால் எங்கள் கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் பிழை என்று குறிப்பார், அந்த மாத மதிப்பெண் இறங்கும்.

எதிர் வீட்டு மாமா கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறவர். கேபினிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, பின்மண்டை படியில் மோத, கீழே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, கழுத்துக்குக் கெட்டியான காலர் மாட்டி, ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்கேனுக்கு நாலு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது.

மறுநாள் சாயங்காலம் சீட்டோடு என் வாசலில் வந்து நின்றார். அன்றைய கணக்கில் எனக்கு இன்னும் ஆறு ரிப்போர்ட் பாக்கி.

"பாப்பா, இத்த பாரு. எலும்பு ஒடைஞ்சிகீதா இல்லியா, ஒரே வார்த்தைல சொல்லு. இந்தக் கருமத்த மாட்டிக்கினு வேர்த்து வேர்த்து பேஜாரா கீது. வண்டிய வேற எவனாவது எடுத்துக்கினு போயிடுவான் போல."

வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ரெண்டே வரி. கழுத்து வலி. ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் இரண்டாம் கழுத்தெலும்பு முறிவு. அரை நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

"உடைஞ்சிருக்குன்னு எழுதல மாமா. கழுத்து வலின்னுதான் போட்டிருக்காங்க."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆடிட்டர் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

"அப்டி சொல்லுடா கண்ணு!" என்று அங்கேயே காலரின் பட்டையைப் பர்ரென்று பிய்த்துக் கழற்றினார். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க மாமா என்றும் சொன்னேன். அதை அவர் முதுகிடம்தான் சொன்னேன். திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நானும் ஆறு ரிப்போர்ட்டை முடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை ஒரு கிழவியின் ரிப்போர்ட் வந்தது. குளியலறையில் விழுந்தவள். முதல் தடவை போனபோது முறிவாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கழுத்து வலிக்குக் கோடு போட்டேன். மூன்று நாள் கழித்து ஸ்கேனோடு மறுபடி போயிருக்கிறாள், முறிவு உறுதி. S12 போட்டேன். இரண்டும் சரியான கோடு. ஆனால் அந்த மூன்று நாளும் அவள் கழுத்து உடைந்தேதானே இருந்தது?

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்! சிஸ்டத்தை அப்படியே விட்டுவிட்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். மாமாவின் மனைவி வாசலில் இருந்தாள், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"மாமா எங்கக்கா?"

"காத்தாலயே டூட்டிக்குப் போயிகீறாரு. இன்னாத்துக்கு இப்டி ஓடியார?"

காலர் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அவர் போனை எடுக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிற எண்ணூர் ரோட்டில் வழக்கம்போல டிரைலர்கள் நகராமல் நின்றன. தினமும் நான் திட்டித் தீர்க்கிற அந்த வரிசையை அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வண்டி நடுவில் நின்றது. ஒரு கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடது கை மரத்துப் போயிகீது பாப்பா" என்றார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

தலையை அசைக்காதீங்க மாமா என்று கேபினில் ஏறி காலரை மாட்டினேன். இத்தனை வருடத்தில் நான் தொட்ட முதல் கழுத்து. பட்டையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அக்காதான் ஒட்டினாள். நான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன்.

ஸ்கேனில் முறிவு உறுதியானது. எலும்பு விலகியும் இருந்தது. திருகு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். கைக்கு உணர்ச்சி வந்துவிட்டது. கழுத்து இனி முழுதாகத் திரும்பாது, டிரைலர் ஓட்ட முடியாது. விழுந்த அன்றே எலும்பு விலகியதா, காலரைக் கழற்றிய பிறகு விலகியதா என்று டாக்டரிடம் கேட்டேன். அன்று ஸ்கேன் இல்லையே, எப்படிச் சொல்வது என்றார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமா வீட்டுக்கு வந்த அன்று அக்கா டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "படிச்சி தமிழ்ல சொல்லு."

இன்னும் என்னிடம்தான் வருகிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எப்படி விழுந்தார் என்கிற பகுதியில் நாலாவது வரி: மருத்துவத் துறையில் வேலை செய்யும் எதிர் வீட்டுப் பெண் முறிவு இல்லை என்று சொன்னதால் நோயாளி காலரைக் கழற்றிவிட்டார். கேள்விக்குறி எதுவும் இல்லை. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தாண்டி ஐந்தாவது வரிக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன்.

அந்த வரியையும் படித்துச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள் அக்கா. "ஏன் கயட்டுனாருன்னு டாக்டரு கேட்டாரு. நாந்தான் சொன்னேன், என் முன்னாலயே எழுதுனாரு. நீ படிக்கிறியா, தாண்டிப் போறியான்னு பாக்கத்தான் எட்த்தாந்தேன்."

தாளை அவளிடம் திருப்பி நீட்டினேன்.

"மேல படி" என்றாள். "மறுபடி எப்ப வரச் சொல்லிகீறாங்க?"